தொட்டி காலியா இருக்கு

ஜூன் 12, வியாழன்

பக்ரீத் முடிந்து அஞ்சு நாள். பதினோரு நாளைக்கு அப்புறம் இன்றைக்குத்தான் குழாயில் தண்ணீர் வந்தது. மாமியும் நானும் டிரம், அண்டா, குடம் என்று இருக்கிற எல்லாவற்றிலும் பிடித்து வைத்தோம். மீனுக்கு ஒரு வாளி தனி. ரெண்டு நாள் மூடாமல் வெயிலில் வைத்து, குளோரின் வாடை போன பிறகுதான் தொட்டியில் ஊற்ற வேண்டும். அனீஸ் மச்சான் போட்டுவிட்டுப் போன சட்டம்.

ஏப்ரலில் லீவு முடிந்து சவூதியிலிருக்கும் தம்மாமுக்கு விமானம் ஏறுகிறதுக்கு முந்தின வாரம், பந்தல்குடி ரோட்டில் மீன்கடை வைத்திருக்கிற அழகுராஜா அண்ணனிடம் வாங்கி வந்தார். ஃபைட்டர் மீன். உடம்பு கருநீலம், வால் சிவப்பு. தொட்டிக்கு ஒரு ஆண் மீன்தான். இன்னொன்றை விட்டால் கடித்துக் குதறிவிடுமாம். "உன்னைய மாதிரிதான், தனியா இருந்துக்கிரும்" என்று சொல்லிச் சிரித்தார். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவர் இங்கே இருந்தது மொத்தம் பதிமூணு மாசம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்றைக்கு கேமரா மாட்டினேன். லீவில் வந்த யாரிடமோ கொடுத்து அனுப்பியிருக்கிறார். கையகல கேமரா. அங்கே இருந்தபடியே செல்லில் எந்நேரமும் மீனைப் பார்க்கலாமாம். மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "நான் ஹால்ல உக்காந்தா நானும் எம்மகனுக்குத் தெரிவேனா?" என்று கேட்டார்கள். தெரிவீங்க மாமி என்றேன். அதிலிருந்து அடுப்படியிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஜூன் 20

மீன் தண்ணீருக்கு மேலே நுரை நுரையாக ஊதி வைத்திருக்கிறது. ஏதோ சீக்கு என்று பயந்துபோனேன். அழகுராஜா அண்ணன் சொன்னார்: "கூடு கட்டுதும்மா. சந்தோஷமா இருக்குன்னு அர்த்தம்." பொண்டாட்டியே இல்லாமல் யாருக்காகக் கட்டுகிறது?

ஜூலை 3, வியாழன்

நாலு நாளாக போன் இல்லை. இன்றைக்குத்தான் பேசினார். வேறு சைட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அங்கே டவர் இல்லை என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. காய்ச்சலா என்று கேட்டேன். ஆமா, லேசா, என்றார். வீடியோவில் வரச் சொன்னால் நாளைக்கு என்கிறார்.

மாமிக்கும் உடம்பு சரியில்லை போல. மூணு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பிரஷர் மாத்திரையை மாற்றிப் போட்டுவிட்டார்களோ என்று அட்டையை எடுத்து எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

ஜூலை 17, வியாழன்

காலை பதினொரு மணிக்கு நான் வேலை பார்க்கிற மெடிக்கலில் நல்ல கூட்டம். போன் அடிக்கிறது. அவர்தான். "காலையில நீ போட்ட தீனியில ஒண்ணு மெதந்துக்கிட்டே கெடக்கு. அவன் திங்கல. என்னன்னு பாரு."

சரி என்று வைத்துவிட்டு அடுத்த சீட்டுக்கு மருந்து எடுக்கும்போதுதான் உறைத்தது. இங்கே பதினொண்ணு என்றால் அங்கே எட்டரை. ஆறு மணிக்கே டூட்டி. சைட்டுக்குள் செல்லே கொண்டுபோக விடமாட்டார்கள் என்று அவரே எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்?

என்னோடு கவுண்டரில் நிற்கிற நாகஜோதியிடம் சொன்னேன். அவள் சாதாரணமாகக் கேட்டாள்: "மீனைப் பாக்கத்தான் கேமராவா, உன்னையப் பாக்கவா?"

எனக்குக் காது ரெண்டும் சூடாகிவிட்டது. அப்படியா? அப்படியும் இருக்குமா?

ஜூலை 18

கேமராவைத் திருப்பி வைத்துவிட்டேன். இப்போது தொட்டியும் பின்னால் சுவரும் மட்டும்தான் தெரியும். சாயங்காலம் பேசும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இப்போதெல்லாம் வீடியோவில் முகத்தை மட்டும்தான் காட்டுகிறார். முன்பு ரூமைக் காட்டுவார், சமைப்பதைக் காட்டுவார். சதீஸ்குமார் அண்ணன் துணி துவைப்பதைக்கூடக் காட்டிச் சிரிப்பார். காரியாபட்டிக்காரர், ஒரே ரூம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

செத்துப்போச்சு.

காலை ஆறு மணிக்கு ஹால் லைட்டைப் போட்டேன். எப்போதும் லைட்டைப் போட்டதும் கண்ணாடிக்கு வந்து வாலை ஆட்டும். வரவில்லை. குனிந்து பார்த்தால் அடியில் ஒருக்களித்துக் கிடக்கிறது. நீலம் எங்கே போனது என்றே தெரியவில்லை, சாம்பல் நிறமாக இருந்தது. கரண்டியால் தொட்டேன். தொட்ட பக்கம் அப்படியே சாய்ந்தது.

நான்தான் கொன்றேன். நேற்று தண்ணீர் மாற்றுகிற நாள். மீனுக்கு வைத்திருந்த வாளியை மாமி தெரியாமல் தொழுகைக்கு ஒளு எடுக்கப் புழங்கிவிட்டார்கள். அப்போதுதான் குழாயில் தண்ணீர் வந்தது. அதையே பிடித்து ஊற்றினேன். ஒரு தடவைதானே என்று. வாடை மூக்கில் ஏறியது. மருந்துக்குப் படித்தவள் நான். அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே ஊற்றினேன்.

முதலில் செய்தது என்ன தெரியுமா? கேமரா ஒயரைப் பிடுங்கினேன். அழுவதற்கு முன்னாடி அதைச் செய்தேன். அங்கே மணி மூணரை, தூங்கிக்கொண்டிருப்பார். என் கை அவ்வளவு வேகமாகப் போனதை நினைத்தால் எனக்கே என்னவோ போல் இருக்கிறது.

பத்து மணிக்கு மீன்கடை ஷட்டர் திறக்கும்போது வாசலில் நின்றேன். கருநீலம், சிவப்பு வால். அழகுராஜா அண்ணன் அஞ்சாறு பாட்டிலைக் காட்டினார். ஒன்று அச்சு அசல் அதே மாதிரி. குளோரினை எடுக்கிற சொட்டு மருந்து ஒரு பாட்டிலும் கொடுத்தார். இது முன்னாடியே தெரியாமல் போயிற்று. பன்னிரண்டு மணிக்குப் புது மீன் தொட்டியில். ஒயரை மாட்டினேன். பராமரிப்புக்காக நிறுத்தின கரண்ட் இப்போதுதான் வந்தது என்று மெசேஜ் அனுப்பினேன்.

மாமியிடம் மட்டும் சொன்னேன். "அவன்கிட்ட சொல்லாத. அவனுக்கு இப்ப எதையும் தாங்குற தெம்பு இல்ல" என்றார்கள். ஒரு மீனுக்கா?

ஆகஸ்ட் 6

பேசினார். "சாப்பிட்டானா?" என்றார். சாப்பிட்டான் என்றேன். பிறகு, "சரி. நல்லாப் பாத்துக்க" என்றார். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்றைக்கு வீடியோவில் பேசும்போது அவர் செல் கை நழுவிச் சாய்ந்தது. ஒரு விநாடிதான். கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் ஒரு மாத்திரை அட்டை. பச்சையும் வெள்ளையுமான அந்த அட்டையைத் தினமும் நூறு தடவை கையில் எடுக்கிறேன், கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். பிரிகாபலின். நரம்பு வலிக்குக் கொடுப்பது. காய்ச்சலுக்கு யாரும் கொடுக்க மாட்டார்கள்.

"யாருக்கு அந்த மாத்திரை?"

"எந்த மாத்திரை?"

"ஸ்டூல்ல இருக்கே."

"அது சதீசுக்கு. இடுப்பு வலி."

பொய். பொய் சொல்லும்போது இவருக்குக் குரல் கொஞ்சம் மேலே போகும். மீன் சாப்பிட்டது என்று சொன்னபோது என் குரல் எப்படி இருந்தது?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எழுத வேண்டும். எழுதினால்தான் நடந்தது என்று எனக்கே நம்பிக்கை வரும்.

மத்தியானம் சதீஸ்குமார் அண்ணன் வந்தார். நேற்றுத்தான் லீவில் ஊருக்கு வந்திருக்கிறார். பேரீச்சம்பழம், ஒரு போர்வை, மாமிக்குத் தைலம் எல்லாம் மச்சான் கொடுத்துவிட்டிருந்தார். மாமி டீ போட உள்ளே போனார்கள். அண்ணன் எழுந்து போய்த் தொட்டியைப் பார்த்தார்.

"இதுதானா அந்த மீனு? பெட்டுல கெடந்தமானைக்கு நாள் பூரா இதைத்தான் பாத்துக்கிட்டு இருப்பாப்ல. நாங்க சோறு வச்சாக்கூட திரும்ப மாட்டாப்ல."

"பெட்டுலயா? காய்ச்சல் இன்னுமா இருக்கு?"

அவர் என்னைப் பார்த்துக் கனிவாகச் சொன்னார்: "இனிமே பயம் இல்ல தங்கச்சி. புண்ணு நல்லா ஆறிருச்சு. முட்டிக்குக் கீழதானே எடுத்திருக்கு. செயற்கைக் கால் வச்சா முன்ன மாதிரி நடந்துரலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. யாருக்கு என்று கேட்டேன். சிரித்த முகமாகத்தான் கேட்டேன்.

மாமி டீயோடு வாசற்படியில் நின்றார்கள். "சதீசு" என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லில் எனக்கு ரெண்டும் தெரிந்துவிட்டது. என் புருஷனுக்குக் கால் இல்லை. அது மாமிக்குத் தெரியும்.

சதீஸ்குமார் அண்ணனுக்கு முகம் செத்துப்போய்விட்டது. "தங்கச்சிக்குத் தெரியாதாம்மா? தெரியும்னுல்ல அனீஸு சொன்னாப்ல."

ஜூன் 29. கிரேனில் இறக்கின குழாய் சரிந்து விழுந்திருக்கிறது. வலது கால். ரெண்டு ஆபரேஷன். முதலில் பாதம், அப்புறம் அதற்கு மேலே.

நான் என்ன செய்தேன்? முட்டிக்குக் கீழே எத்தனை விரற்கடை விட்டிருக்கிறார்கள் என்று கேட்டேன். காய்ச்சல் வந்ததா, சீழ் வைத்ததா, என்ன ஊசி போட்டார்கள்? கவுண்டரில் நின்று யாரோ ஒருத்தருக்குக் கேட்கிற மாதிரி கேட்டேன். அவர் போன பிறகு டீ கிளாஸைக் கழுவி வைத்தேன். கழுவினதையே திரும்பவும் கழுவினேன்.

அதே நாள், சாயங்காலம்

எட்டு வாரம். எட்டு வாரமா தினம் மூஞ்சியக் காட்டிப் பேசியிருக்காக. மீனு சாப்பிட்டுச்சா, நீ சாப்பிட்டியான்னு. போர்வைக்குக் கீழ கால் இல்லாம.

ஊருல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. அவுக அம்மாவுக்குத் தெரியும், காரியாபட்டிக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியல. நான் யாரு அவுகளுக்கு?

ஆகஸ்ட் 25, திங்கள்

மல்லாங்கிணற்றில் என்னைப் பெற்ற அத்தா வீட்டுக்கு வந்துவிட்டேன். கிளம்பும்போது மாமி, "போகாதம்மா" என்று ஒரு தடவை சொன்னார்கள். கையைப் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் நின்றிருப்பேனோ என்னவோ.

மீனை விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. மாமிக்கு அதற்குத் தீனி போடத் தெரியாது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் தொட்டித் தண்ணீரையே ஊற்றி, மூடியில் ஓட்டை போட்டுக் கொண்டுவந்தேன். பஸ்ஸில் பாலவனத்தம் தாண்டுகிற வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். விருதுநகரில் பஸ் மாறினேன். மீன் மேலே வந்து மேலே வந்து காற்றுக் குடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்து சீட்டு அம்மா, "பிள்ளைக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மச்சானிடம் எதுவும் சொல்லவில்லை. போனை அணைத்து வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

காலையில் போனைத் திறந்தேன். மாமி நாலு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். அவரிடமிருந்து ஒரே ஒரு மெசேஜ்.

"தொட்டி காலியா இருக்கு."

நான் திரும்பத் திரும்ப அதையே படித்தேன். எனக்குத் தெரிந்துவிட்டதைச் சதீஸ்குமார் அண்ணன் அவரிடம் சொல்லப் பயந்து சொல்லவில்லை போல. மாமியும் சொல்லவில்லை. தண்ணீர் மட்டும் இருக்கிற தொட்டியைப் பார்த்து அவரே தெரிந்துகொண்டிருக்கிறார்.

நானே கூப்பிட்டேன். வீடியோ இல்லாமல்.

"மீனு என்கிட்ட இருக்கு" என்றேன்.

"சரி" என்றார். பிறகு, "அது பழைய மீனு இல்லைனு எனக்குத் தெரியும்" என்றார்.

நான் ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திரும்பிப் பார்த்தேன்.

"நெஞ்சுக்குக் கீழ நூல் மாதிரி ரெண்டு தொங்கும்ல. அவனுக்கு எடது பக்கம் பாதிதான் இருக்கும். கரண்ட்டு வந்துச்சுன்னு நீ சொன்னப்ப பாத்தேன். ரெண்டும் முழுசா இருந்துச்சு."

"ஏன் கேக்கல?"

"என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு கேக்கச் சொல்ற?"

அப்போதுதான் கேட்டேன். "மாமிகிட்ட சொல்லியிருக்கீக. சதீஸ் அண்ணன்கிட்ட எனக்குத் தெரியும்னு பொய் சொல்லியிருக்கீக. என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ போயிருவன்னு நெனச்சேன்" என்றார். "உனக்கு வேலை இருக்கு. வயசு இருக்கு. பிள்ளை இல்ல. எதுக்கு நீ ஒரு நொண்டியோட கெடக்கணும்? நேர்ல வந்துட்டா எரக்கப்பட்டாவது இருந்துருவன்னு பாத்தேன்."

நான் போனை வைத்துவிட்டேன். இரக்கம். ஆறு வருஷத்துக்கு இதுதான் எனக்குப் போட்ட மார்க்கா?

ஆகஸ்ட் 27

அழுகை வரவில்லை. வலது காலை நீட்டி உட்கார்ந்து பார்த்தேன். முட்டிக்குக் கீழே கையை வைத்துப் பார்த்தேன். இங்கேயா, இன்னும் கீழேயா?

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு அத்தா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எங்க அத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்துல் கனி என்றால் இந்த ஊரில் குரல் உயர்த்தாத மனுஷன் என்று பேர். கடையில் வேலை பார்க்கிற பையனைக்கூட வாங்க போங்க என்பார்.

"அவசரம் இல்லத்தா" என்றார். "நல்லா யோசிச்சுக்க. உனக்கு வேலை இருக்கு. வயசு இருக்கு. பிள்ளை இல்ல. மார்க்கத்துல இதுக்கு வழி இல்லாம இல்ல. ஜமாஅத்துல நான் பேசிக்கிறேன். யாரும் உன்னையத் தப்பா சொல்லாம நான் பாத்துக்கிறேன்."

அதே வார்த்தைகள். அதே வரிசை. அங்கே தம்மாமில் கட்டிலில் கிடக்கிற மனுஷன் சொன்னதை இங்கே எங்க அத்தா, பாயில் உட்கார்ந்து, என் தலையைத் தடவிக்கொண்டே சொல்கிறார். அப்படியென்றால் அவர் பயந்தது வீண் பயம் இல்லை. எங்க அத்தாவை என்னைவிட அவர் சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறார்.

அத்தா கெட்டவர் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அத்தா, அவுகளுக்கு முட்டி தப்பிச்சிருச்சு" என்றேன்.

"என்னத்தா?"

"முட்டி இருக்கு. முட்டி இருந்தா நடந்துரலாம்."

அத்தா கையை எடுத்துக்கொண்டார். அம்மா உள்ளே பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தது நின்றது.

ஆகஸ்ட் 30, சனி

அருப்புக்கோட்டைக்கு, மாமி வீட்டுக்கே வந்துவிட்டேன். பாட்டிலோடுதான்.

மாமி கதவைத் திறந்ததும் முதலில் பாட்டிலைப் பார்த்தார்கள், பிறகு என்னை. "ஆபரேஷனுக்கு முன்னாடி எனக்குத்தான் போன் போட்டான். உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். உன் முன்னாடி அழுகாம இருக்க என்னென்ன பண்ணினேன் தெரியுமா? வெங்காயத்தை உரிச்சு உரிச்சு வச்சேன்."

அப்போதுதான் நினைவு வந்தது. ஜூலை முழுக்க வீட்டில் வெங்காயம் தீர்ந்துகொண்டே இருந்தது. எங்கே போகிறது என்று நான் சத்தம் போட்டிருக்கிறேன்.

மாமியை நான் மன்னித்துவிட்டேனா என்று தெரியவில்லை. ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

மீனைத் தொட்டியில் விட்டேன். கேமராவை ஹால் பக்கம் திருப்பினேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்று தெரியாது. பாயைப் போட்டு அங்கேயே உட்கார்ந்து துணி மடித்தேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"காலைக் காட்டுங்க" என்றேன். வீடியோவைப் போடாமலே வைத்துவிட்டார்.

செப்டம்பர் 14

இல்லாத பாதத்தில் கட்டைவிரல் அரிக்கிறதாம். என்ன செய்ய என்று கேட்டார். முதல் தடவையாக அவராகச் சொன்னது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மருந்தின் அளவைப் பற்றி அங்கே டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்றும் எழுதி அனுப்பினேன்.

அக்டோபர் 11, சனி

மதுரை ஏர்போர்ட். கொழும்பு வழியாக வந்தார். எல்லாம் தெரிந்துதான் போனேன். சதீஸ்குமார் அண்ணனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போனேன். இருந்தாலும் வீல் சேரைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, பேண்ட்டின் ஒரு பக்கம் மடித்துப் பின் குத்தியிருந்ததைப் பார்த்ததும், பின்னால் நின்றிருந்தவர் மேல் இடித்துக்கொண்டேன். நான் பின்னால் நகர்ந்திருக்கிறேன். எனக்கே தெரியாமல்.

அவர் அதைப் பார்த்துவிட்டார். என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டே வந்தார்.

பிறகு போனேன். ஸலாம் சொன்னேன். அவர் மடியில் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டார்.

அக்டோபர் 24

யாருக்கும் காட்ட மாட்டேன் என்கிறார். செயற்கைக் காலுக்காக இறுக்கிச் சுற்றுகிற கட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு மாற்றுகிறார். ரொம்ப முடியாவிட்டால் மாமியைக் கூப்பிடுகிறார். நான் உள்ளே போனால் துண்டு வந்துவிடும். நாள் பூரா தொட்டி முன்னால் நாற்காலி. முன்னே செல்லில் பார்த்தார், இப்போது நேரில் பார்க்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம். ஏர்போர்ட்டில் நான் நகர்ந்த அந்த ஒரு அடி இன்னும் எங்களுக்கு நடுவில் கிடக்கிறது. என்ன சொல்லி அதை எடுப்பது?

நவம்பர் 6, வியாழன்

ரெண்டு நாளாக நல்ல மழை. மெடிக்கலுக்கு மத்தியானம் போனால் போதும் என்று காலையில் தொட்டித் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தேன். பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, சொட்டு மருந்தை எண்ணி விட்டுக்கொண்டிருந்தபோது ரூமுக்குள்ளிருந்து சத்தம்.

"ஷஹீனா. இங்க வா. கட்டு இறுக்கமா வரமாட்டேங்குது."

ஈரக் கையோடு போனேன். கதவு திறந்திருந்தது. கட்டிலில் உட்கார்ந்து, துண்டு இல்லாமல், காலை நீட்டி வைத்திருந்தார். முதல் தடவையாகப் பார்த்தேன். தையல் போட்ட இடம் குறுக்கே ஒரு கோடாக இருந்தது. தோல் அங்கே புதுசாக, பிள்ளைத் தோல் மாதிரி இருந்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். கீழேயிருந்து மேலே, குறுக்கும் மறுக்குமாகச் சுற்றினேன்.

"வலிக்குதா?"

"இல்ல. உன் கை சில்லுனு இருக்கு."

பின் குத்தி முடிக்கிற வரைக்கும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமி அடுப்படியில்தான் இருந்தார்கள், கூப்பிட்டால் கேட்கிற தூரம். அவர் கூப்பிட்டது என்னை.